ஜானி கேஷோட ‘அமெரிக்கன் 4’: ‘ஹர்ட்’ தாண்டி அந்த ஆல்பத்துல என்ன இருக்கு?

கேட்ட கேள்வி இது: கன்ட்ரிங்கற அமெரிக்க கிராமிய இசைப் பாடகர் ஜானி கேஷோட ‘அமெரிக்கன் 4: த மேன் கம்ஸ் அரவுண்ட்’ ஆல்பத்துல முக்காவாசி அடுத்தவங்க பாட்டு, டூயட்னு பேர் போட்ட பாட்டுலயும் கூடப் பாடுறவங்க குரல் எங்கயோ பின்னாடி மெல்லிசா கேக்குது, அப்புறம் எதுக்கு இதை இவ்ளோ பெருசா பேசுறாங்க, ‘ஹர்ட்’ ஒரு பாட்டுக்காகவா?

‘ஹர்ட்’டுக்காக மட்டும் இல்லைங்க. ‘ஹர்ட்’ அவ்ளோ பெருசா ஆனதால மத்த 14 பாட்டும் நிழல்ல போயிடுச்சு, அதுதான் உண்மை. நான் சொல்ல வர்ற முக்கியமான விஷயம் இதுதான்: எல்லாரும் இதை அடுத்தவங்க பாட்டை கேஷ் பாடின ஆல்பம்னு சொல்றாங்க, ஆனா இதுல ஆறு பாட்டு அவரே பல வருஷத்துக்கு முன்னாடி ஏற்கனவே ரெக்கார்ட் பண்ணினது. அந்த ஆறையும் பழசு புதுசுன்னு ஜோடி ஜோடியா வச்சு கேட்டா, இந்த ஆல்பத்துல கேஷ் அதிகமா கவர் பண்ணியிருக்கறது, அதாவது ஏற்கனவே வந்த பாட்டைத் தன் பாணில திரும்பப் பாடியிருக்கறது, ஜானி கேஷைத்தான்னு புரியும். டூயட் ஏன் அப்படி மெல்லிசா இருக்குங்கறதுக்கும் பதில் அங்கயேதான் இருக்கு.

முதல்ல கொஞ்சம் பின்னணி, தெரிஞ்சவங்க தாண்டிப் போங்க. கேஷ் 1932ல ஆர்கன்சா மாநிலத்துல பொறந்தவர், மெம்ஃபிஸ்ல சன் ரெக்கார்ட்ஸ்ல 1955ல ஆரம்பிச்சு, 1958ல கொலம்பியா கம்பெனிக்குப் போய் அங்க கிட்டத்தட்ட 28 வருஷம் இருந்தார். 1986ல கொலம்பியா அவரை விட்டுடுச்சு. அதுக்கப்புறம் வேற கம்பெனில பண்ணின ரெக்கார்ட் எதுவும் பெருசா எடுபடல. 1993ல ரிக் ரூபின் வர்றார். ராப், ஹெவி மெட்டல் எல்லாம் தயாரிச்ச, நீள தாடி வச்ச ஆளு, கன்ட்ரி உலகத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அவர் சொன்னது ரொம்ப சிம்பிள், கிட்டாரை எடுத்துட்டு வாங்க, உங்களுக்குப் பிடிச்ச பாட்டெல்லாம் பாடுங்க, நான் ரெக்கார்ட் பண்றேன். 1994ல வந்த முதல் ஆல்பத்துல கேஷும் ஒரு கிட்டாரும் மட்டும்தான். 1996ல டாம் பெட்டியோட பேண்ட் கூட இருந்து வாசிச்சது ரெண்டாவது, 2000ல மூணாவது. நாலாவதுதான் நாம பேசுறது, 2002 நவம்பர் 5ல வந்துச்சு.

நாலாவது வர்றதுக்குள்ள மனுஷன் உடம்பு ரொம்ப கெட்டுப்போச்சு. 1997ல நரம்பு சம்பந்தமான நோய்னு கண்டுபிடிச்சாங்க, முதல்ல ஒரு பேர் சொன்னாங்க, அப்புறம் அது இல்ல வேற ஒண்ணுன்னாங்க. அதோட சுகர், ஆஸ்துமா, கண்பார்வை வேற போய்க்கிட்டே இருந்துச்சு, நிமோனியா வந்து அடிக்கடி ஆஸ்பத்திரில படுத்தார். டென்னசில ஹெண்டர்சன்வில்ல அவர் வீட்டுப் பக்கத்துல இருந்த சின்ன மரக் கேபின்லயும், லாஸ் ஏஞ்சலஸ்ல ரூபினோட இடத்துலயுமா ரெக்கார்டிங் நடந்துச்சு. குரல்ல அந்த அடித்தொண்டை கம்பீரம் இன்னும் இருக்கு, ஆனா மூச்சு பத்தல. வரியோட கடைசி வார்த்தை வரும்போது குரல் லேசா நடுங்குது, சில இடத்துல வார்த்தையை முடிக்காமலே விட்டுடறார். இதை எக்கோ போட்டோ, பெரிய இசைக்குழுவை நிரப்பியோ மறைக்கறது ஒண்ணும் கஷ்டம் இல்ல. ரூபின் மறைக்கல, மைக் அவ்ளோ கிட்ட இருக்கு, மூச்சு இழுக்கறது கூட கேக்குது.

இப்ப அந்த ஆறு பாட்டுக்கு வர்றேன். ‘கிவ் மை லவ் டு ரோஸ்’ கேஷே எழுதினது, 1957ல சன் ரெக்கார்ட்ஸ்ல வந்துச்சு. ரயில் தண்டவாளத்துக்கு பக்கத்துல ஒருத்தன் செத்துக்கிட்டு கிடக்கான், ஜெயில்ல பத்து வருஷம் இருந்துட்டு பொண்டாட்டி ரோஸையும் பையனையும் பாக்க ஊருக்குப் போறவன், வழியில விழுந்துட்டான். அந்தப் பக்கமா வந்தவன்கிட்ட காசைக் குடுத்து ரோஸ்கிட்ட சேர்த்துடு, பையனைப் பத்தி பெருமையா சொல்லு, அவளை இன்னொருத்தனைப் பாத்துக்கச் சொல்லுங்கறான். 1957ல பாடும்போது கேஷுக்கு 25 வயசு. லூதர் பெர்கின்ஸோட கிட்டார், மார்ஷல் கிராண்டோட பேஸ், அந்த ரயில் ஓடற மாதிரி டக்கு டக்கு தாளம், எல்லாம் சேர்ந்து பாட்டு சுறுசுறுப்பா ஓடும். அப்ப கேஷ் யாருன்னா கதை சொல்றவர், செத்துக்கிட்டு இருக்கறவனைப் பாத்துட்டு வந்து நமக்குச் சொல்ற வழிப்போக்கன். 2002ல அதே பாட்டு, அதே மெட்டு, ஒரு வார்த்தை பெருசா மாத்தல, ஆனா இப்ப அவர் வழிப்போக்கன் இல்ல, தண்டவாளத்துப் பக்கத்துல கிடக்கறவன் அவர்தான். பாட்டு மாறவே இல்ல, பாடற ஆள் நிக்கற இடம்தான் மாறிடுச்சு. இந்தப் பாட்டுக்குத்தான் 2003 ஃபெப்ரவரில சிறந்த ஆண் கன்ட்ரி பாடகருக்கான கிராமி கிடைச்சுது, ‘ஹர்ட்’டுக்கு இல்ல, நிறைய பேருக்கு இது தெரியாது.

‘ஐம் ஸோ லோன்சம் ஐ குட் கிரை’ ஹேங்க் வில்லியம்ஸ் 1949ல பாடினது, கேஷ் 1960லயே ஒருதடவை ரெக்கார்ட் பண்ணியிருக்கார். ‘சாம் ஹால்’, ‘ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் லரேடோ’ ரெண்டும் பழைய நாட்டுப்புறப் பாட்டு, ரெண்டுமே அவரோட 1965 கௌபாய் பாட்டு ஆல்பத்துல இருக்கு. ‘டேனி பாய்’ அதே 1965ல வேற ஆல்பத்துல. ‘டியர் ஸ்டெயின்ட் லெட்டர்’ அவரே எழுதினது, 1972ல வந்துச்சு. ஆக மொத்தம் ஆறு. ‘சாம் ஹால்’ கேட்டுப் பாருங்க, தூக்குல போடப் போற ஒருத்தன் சுத்தி நிக்கற எல்லாரையும் திட்டித் தீக்கற பாட்டு. இவ்ளோ உடம்பு முடியாத மனுஷன் அதுல மட்டும் ரவுடித்தனமா, சந்தோஷமா கத்தறார், பியானோ டொக்கு டொக்குன்னு சாராயக்கடைல வாசிக்கற மாதிரி போகுது. இந்த ஆல்பம் முழுக்க சோகம்னு சொல்றவங்க இந்தப் பாட்டைக் கேட்டிருக்க மாட்டாங்கன்னு நினைக்கிறேன். ‘டேனி பாய்’ நேர் எதிர், சர்ச்ல வாசிக்கற பைப் ஆர்கன் பின்னாடி நிக்க மெதுவா போகும், எனக்கு அது கொஞ்சம் கனமாத்தான் தெரியுது, ஆனா கடைசியில அவர் குரல் இறங்குற இடத்துக்காக தாங்கிக்கலாம்.

சரி, டூயட். கேஷோட பழைய டூயட்னா எல்லாருக்கும் ஞாபகம் வர்றது 1967ல, பின்னாடி அவருக்கு மனைவியான ஜூன் கார்ட்டர் கூட பாடின ‘ஜாக்சன்’. அதுல ரெண்டு பேரும் சண்டை போடுவாங்க, இவர் ஒண்ணு சொல்ல அவங்க பதிலடி குடுக்க, ரெண்டு குரலும் சரிசமமா முட்டிக்கும். அதை மனசுல வச்சுட்டு இந்த ஆல்பத்தைக் கேட்டா ஏமாத்தமாத்தான் இருக்கும், உங்களுக்கு நடந்தது அதுதான். இங்க கூடப் பாடறவங்க முட்டறதுக்கு வரல, தாங்கிப் பிடிக்க வந்திருக்காங்க. மூச்சு விடற இடத்துல, குரல் தொய்யற இடத்துல இன்னொரு குரல் அடியில வந்து நிக்குது.

‘பிரிட்ஜ் ஓவர் ட்ரபிள்ட் வாட்டர்’ இதுக்கு நல்ல உதாரணம். 1970ல சைமன் அண்ட் கார்ஃபங்கல் போட்ட பாட்டு, பால் சைமன் எழுதினது, ஆர்ட் கார்ஃபங்கல் பாடினது. கார்ஃபங்கல் கடைசி பகுதில உச்சிக்குப் போவார், பின்னாடி இசைக்குழு முழுசா எழும்பும், கேட்டா புல்லரிக்கும். கேஷால அந்த உச்சிக்குப் போக முடியாது, போகவும் இல்ல. ஃபியோனா ஆப்பிள் கூட வர்றாங்க, அப்ப அவங்களுக்கு 25 வயசு பக்கம், இவருக்கு 70. அவங்க முன்னாடி வந்து நின்னு திறமையைக் காட்டியிருக்கலாம், அவ்ளோ நல்ல பாடகி, ஆனா அவர் குரலுக்குப் பின்னாடியே ஒட்டி நடக்கறாங்க. பாட்டோட அர்த்தத்தையும் சேர்த்துப் பாருங்க, நீ கஷ்டத்துல இருக்கும்போது உனக்கு நான் பாலமா கிடப்பேன்னு ஒருத்தர் வாக்குக் குடுக்கறார். சின்ன வயசு ஆள் பாடும்போது அது தைரியமான வாக்கு. நிக்கவே முடியாத ஒரு வயசானவர் அந்த வாக்கைக் குடுக்கும்போது, அவருக்கே இன்னொரு குரல் பாலமா இருக்குது பாருங்க, அங்க அந்தப் பாட்டு வேற ஒண்ணா ஆயிடுது. அவங்க குரல் சத்தமா கேட்டிருந்தா இது கெட்டுப்போயிருக்கும்.

நிக் கேவ் கூட பாடின ‘ஐம் ஸோ லோன்சம்’ கொஞ்சம் வேற மாதிரி, இதுல கேவ் தனியா சரணம் எடுக்கறார், அதனால ஆல்பத்துலயே நிஜமான டூயட் இதுன்னு சொல்லலாம். ரெண்டு பேருக்கும் முன்கதை இருக்கு. கேவ் ஆஸ்திரேலியால சின்னப் பையனா இருந்தப்ப டிவில கேஷோட நிகழ்ச்சியைப் பாத்து வளந்தவர், மரண தண்டனைக் கைதியைப் பத்தி அவர் எழுதின ‘த மெர்சி சீட்’டை கேஷ் 2000 ஆல்பத்துல பாடியிருந்தார். ரெக்கார்டிங் அன்னைக்கு கேஷ் எவ்ளோ சுகமில்லாம இருந்தார், பாட ஆரம்பிச்சதும் எப்படி உயிர் வந்து மாறினார்னு கேவ் பின்னாடி பேசியிருக்கார். கேவ்வோட குரலும் கீழ்க்குரல்தான், அதனால ஹேங்க் வில்லியம்ஸோட அந்த மெல்லிசான, விசும்பற மாதிரி இருக்கற பாட்டு இங்க ரெண்டு கனத்த குரலுக்கு நடுவுல போகுது. எனக்கு இந்த ஆல்பத்துல ரொம்பப் பிடிச்சது இது.

‘டெஸ்பராடோ’ல டான் ஹென்லி கூடப் பாடறார். ஈகிள்ஸோட 1973 பாட்டு, எழுதினதுல ஹென்லியும் ஒருத்தர், ஒரிஜினல்ல பாடினதும் அவரேதான், இங்க அவரு பின்குரல். தன்னோட பாட்டையே இன்னொருத்தருக்கு விட்டுக்குடுத்துட்டு பின்னாடி நிக்கறார். ஆனா சொல்லணும்னா மூணுல இதுதான் சுமார். அந்தப் பாட்டுல ஒரு அறிவுரை சொல்ற தொனி இருக்கு, உனக்கு வயசாகுதுப்பா, வேலி மேல உக்காந்திருந்தது போதும் இறங்கி வான்னு. கேஷ் பாடும்போது அதை யாருக்குச் சொல்றார்னு புரியாம நிக்குது, தனக்கேவா, இல்ல கேக்கறவனுக்கா, தெளிவா வரல. ‘இன் மை லைஃப்’ பத்தியும் எனக்கு இதே குறைதான், பீட்டில்ஸ் 1965ல போட்ட அழகான பாட்டு, வயசான ஒருத்தர் பாடினா பொருந்தும்னு கேக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சுடுது, பாட்டு அதைத் தாண்டி ஒண்ணும் தரல.

அதே சமயம் யாரும் எதிர்பாக்காத பாட்டுல அவர் ஜெயிக்கறார். ‘பர்சனல் ஜீசஸ்’ டெபேஷ் மோட்னு ஒரு இங்கிலாந்து சிந்தசைசர் பேண்டோட 1989 பாட்டு, அதுல ஜான் ஃப்ருஷியான்டே அக்கூஸ்டிக் கிட்டார்ல ஒரு ப்ளூஸ் அடி போட்டுக் குடுக்க, கேஷ் அதை சீரியஸான ஊழியப் பாட்டு மாதிரியே பாடிட்டார். ஸ்டிங் எழுதின ‘ஐ ஹங் மை ஹெட்’ 1996ல வந்தது, அண்ணனோட துப்பாக்கியை விளையாட்டா குறி பாத்து தெரியாம ஒருத்தனைச் சுட்டுடற பையனோட கதை. ஸ்டிங் அதை ஒன்பது எண்ணிக்கைல, நொண்டி நடக்கற மாதிரி தாளத்துல போட்டிருப்பார். கேஷ் அதை நேரா நாலு எண்ணிக்கைக்கு கொண்டுவந்துட்டார், அவ்ளோதான், அந்த ஒரு மாத்தத்துல அது நூறு வருஷம் பழைய கௌபாய் பாட்டு மாதிரி ஆயிடுச்சு. ரெண்டையும் அடுத்தடுத்து கேளுங்க, ஒரு பாட்டை கவர் பண்றதுன்னா என்னன்னு அதைவிட நல்லா யாரும் விளக்க முடியாது.

‘ஹர்ட்’ பத்தி சொல்லாம விட முடியாது. நைன் இஞ்ச் நெயில்ஸோட ட்ரென்ட் ரெஸ்னர் 1994 ஆல்பத்துக்காக எழுதினது, அப்ப அவருக்கு முப்பது வயசு கூட ஆகல, போதையும் வெறுப்பும் கலந்த பாட்டு. கேஷ் அதுல ஒரே ஒரு முக்கியமான மாத்தம் பண்ணினார், மலத்தால ஆன கிரீடம்னு வர்ற இடத்தை முள்முடின்னு மாத்தினார். கெட்ட வார்த்தையை எடுத்தார்னு மட்டும் இதைப் பாக்காதீங்க, அந்த ஒரு வார்த்தையால பாட்டு சிலுவைப் பக்கம் திரும்பிடுது. கேஷும் போதை மாத்திரைல பல வருஷம் அடிபட்டவர், அதனால ஊசி, வலின்னு வர்ற வரியெல்லாம் அவருக்கு கடன் வாங்கினது இல்ல. இசைல கவனிங்க, கிட்டார் ரெண்டு அமைதியா போகுது, பியானோவுல ஒரே சுரத்தை திரும்பத் திரும்ப அடிக்கறாங்க, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் பலமா, கடைசியில அது குரலையே மூடற அளவுக்கு வந்து நிக்குது.

வீடியோ மார்க் ரோமனெக் எடுத்தது, கேஷோட வீட்டுலயும், மூடிப் பாழாக் கிடந்த ‘ஹவுஸ் ஆஃப் கேஷ்’ மியூசியத்துலயும். ஜூன் படிக்கட்டுல நின்னு அவரைப் பாக்கற ஷாட் ஒண்ணு வரும். 2003 மே 15ல ஜூன் இறந்துட்டாங்க, செப்டம்பர் 12ல கேஷும் போயிட்டார். ரெஸ்னருக்கு முதல்ல கேக்கும்போது தன்னோட அந்தரங்கத்தை வேற யாரோ தொட்ட மாதிரி இருந்துச்சாம், வீடியோ பாத்ததும் இந்தப் பாட்டு இனி என்னோடது இல்லன்னு அவரே சொல்லிட்டார். எழுதினவரே பாட்டை எழுதிக் குடுத்துட்டார்னா அதுக்கு மேல ஒரு கவருக்கு என்ன வேணும்.

ஆல்பத்தோட தலைப்புப் பாட்டுதான் இதுல கேஷ் புதுசா எழுதினது. அதுக்கு ஒரு கனவு காரணம்னு அவரே எழுதியிருக்கார், கனவுல இங்கிலாந்து ராணியைப் பாக்கறார், அவங்க இவரை சுழல்காத்துல மாட்டின முள்மரம்னு சொல்றாங்க, அது மனசுல ஒட்டிக்கிட்டு விடல, பைபிள்ல தேடப் போய், தாள் தாளா எழுதிக் குவிச்சு, ரொம்ப நாள் உழைச்சு முடிச்ச பாட்டு. ஆரம்பத்துலயும் முடிவுலயும் வெளிப்படுத்தின விசேஷம் ஆறாம் அதிகாரத்துல இருந்து வாசிக்கறார், நான்கு ஜீவன்கள், மங்கின நிறமுள்ள குதிரை, சர்ச்சுக்குப் போய் வளந்தவங்களுக்கு உடனே தெரியும். தீர்ப்பு நாள் பத்தின பாட்டு, ஆனா தாளம் கால் ஆட்டற மாதிரி குஷியா போகும், பயமுறுத்தற விஷயத்தை அவ்ளோ ஜாலியா பாடறதுல ஒரு தெம்பு இருக்கு. 70 வயசுல, கண்ணு சரியா தெரியாத நிலைல, தன் வாழ்க்கையிலேயே சிறந்த பாட்டுகள்ல ஒண்ணை எழுதியிருக்கார், இதை மறந்துட்டு வெறும் கவர் ஆல்பம்னு சொல்றவங்க மேல எனக்கு வருத்தம் உண்டு.

கன்ட்ரி உலகம் இதை எப்படி எடுத்துக்கிச்சுன்னா, அது தனிக் கதை. ரேடியோக்காரங்க ரூபின் காலத்து கேஷை கண்டுக்கவே இல்ல. 1998ல ரெண்டாவது ஆல்பத்துக்கு சிறந்த கன்ட்ரி ஆல்பம்னு கிராமி வந்தப்ப, பில்போர்டு பத்திரிகைல முழுப்பக்க விளம்பரம் போட்டாங்க, கன்ட்ரி இசைத் தொழிலோட தலைநகரான நாஷ்வில்லுக்கும் கன்ட்ரி ரேடியோவுக்கும் நன்றின்னு எழுதி, கேஷ் நடுவிரலைக் காட்டற பழைய சான் க்வென்டின் ஜெயில் ஃபோட்டோ. அதே நாஷ்வில் 2003 நவம்பர்ல சி.எம்.ஏங்கற கன்ட்ரி இசைச் சங்கத்தோட விருதுல சிறந்த ஆல்பம், சிங்கிள், வீடியோ மூணையும் இவருக்குக் குடுத்துச்சு, அவர் இறந்து ரெண்டு மாசம் கழிச்சு. ஆல்பம் அமெரிக்கால பத்து லட்சம் தாண்டி பிளாட்டினம் ஆச்சு. இதெல்லாம் சந்தோஷம்தான், ஆனா உயிரோட இருந்தப்ப ரேடியோல ரெண்டு தடவை போட்டிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்.

எப்படி கேக்கணும்னு கேட்டா, என் யோசனை இது. ‘ஹர்ட்’டை கொஞ்ச நாள் தள்ளி வைங்க, அது எப்படியும் உங்களைத் தேடி வரும். முதல்ல 1957 ‘ரோஸ்’, உடனே 2002 ‘ரோஸ்’. அப்புறம் ஸ்டிங்கோட ‘ஐ ஹங் மை ஹெட்’, உடனே கேஷோடது. அப்புறம் ‘ஜாக்சன்’, அதுக்கப்புறம் ஃபியோனா ஆப்பிள் பாட்டு. ஹெட்ஃபோன்ல கேளுங்க, ஸ்பீக்கர்ல அவங்க குரல் நிஜமாவே காணாமப் போயிடும், உங்க குறைல பாதி அதனாலயும் இருக்கலாம். கடைசிப் பாட்டு ‘வீல் மீட் அகெய்ன்’, 1939ல போர்க்கால இங்கிலாந்துல பிறந்தது, அதோட முடிவுல அவர் வீட்டு ஆளுங்க எல்லாம் சேர்ந்து பாடறாங்க, சுருதி அப்படி இப்படித்தான் இருக்கும், அதைத் தாண்டிப் போயிடாதீங்க.

டூயட் இன்னும் வேணும்னா ‘அனர்த்ட்’னு அஞ்சு சிடி தொகுப்பு 2003 கடைசியில வந்துச்சு, ரூபின் கூட பண்ணி ஆல்பத்துல சேர்க்காம விட்ட பாட்டெல்லாம் அதுல இருக்கு. ஃபியோனா ஆப்பிள் கூட ‘ஃபாதர் அண்ட் சன்’, நிக் கேவ் கூட ‘சிண்டி’, ரெண்டும் நல்லா இருக்கும். ஆனா முதல்ல கேக்க வேண்டியது, த கிளாஷ் பேண்டோட ஜோ ஸ்ட்ரம்மர் கூட பாடின பாப் மார்லியோட ‘ரிடெம்ப்ஷன் சாங்’. நீங்க எதிர்பாத்த மாதிரி ரெண்டு குரலும் தெளிவா, பக்கத்துல பக்கத்துல கேக்கற டூயட் அது.